யோவான் 9: குறுகிய வாசகத்தில் விடுபட்டவர்

சில ஆண்டுகளுக்கு முன், தவக்கால ஞாயிறொன்றில், பெங்களூரு ஆலயம் ஒன்றில் திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். முன்பின் அறியாத ஒருவர் என் நண்பரிடம், “இவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லையா?” என்று வினவினார். பின்னர் என்னைக் கேளாமலேயே என் தலைமேல் கைவைத்துச் செபிக்கத் தொடங்கினார். அன்றைய நற்செய்தி, பிறவியிலேயே பார்வையற்றவர் நலம்பெறும் யோவான் 9ஆம் அதிகாரம்.

அவ்வதிகாரத்தில் 41 வசனங்கள் உள்ளன. சேறு, சிலோவாம் குளம், பார்வை என அற்புதம் 7ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. நம் மறையுரைகளும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. இயலாமைசார் வாசிப்புக்கோ அதன் பின்னரே வேலை தொடங்குகிறது. அண்டை வீட்டாரால் அவர்தாமா இவர் என்று உறுதிசெய்ய இயலவில்லை. அத்தனை காலமும் அவர்கள் கண்டது பிச்சையெடுத்த ஒருவரை, அவர் முகத்தையன்று. பெற்றோர், அவன் வயதுவந்தவன், அவனையே கேளுங்கள் என்று விலகிக்கொள்கின்றனர். அச்சத்தால் சொன்ன விடைதான். ஆயினும் அவரைப் பற்றி அவரிடமே கேட்கச் சொன்னவர்கள் அவ்வதிகாரத்தில் அவர்கள் மட்டுமே. இரண்டாம் விசாரணையில் அவர் பரிசேயரையே மடக்குகிறார்: நீங்களும் அவருடைய சீடராக விரும்புகிறீர்களோ என்று எள்ளலோடு கேட்கிறார், தருக்கம் தொடுக்கிறார், வெளியே தள்ளப்படுகிறார்.

கத்தோலிக்க வாசக நூலில், தவக்காலம் 4ஆம் ஞாயிறு, முதல் ஆண்டுக்கு ஒரு குறுகிய வாசகமும் தரப்பட்டுள்ளது: 1, 6-9, 13-17, 34-38. அன்று நாங்கள் கேட்டது அதுவே. யார் செய்த பாவம் என்ற சீடர்களின் வினாவும், எவர் பாவமும் அன்று என்ற இயேசுவின் மறுப்பும் அதில் இல்லை. பெற்றோரின் விடை இல்லை. அவருடைய தருக்கமும் முழுமையாக நீங்கிவிட்டது. நீயா எங்களுக்குக் கற்பிக்கிறாய் என்று அவரைத் துரத்தும் வசனம் மட்டும் எஞ்சியுள்ளது. அவர் கற்பித்தது யாதென்று சபை அறியாது.

பார்வையின்மையை நம்பிக்கையின்மைக்கு உருவகமாக்கும் 39-41 வசனங்களும் இதில் நீங்குகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பார்வையிழந்த இறையியலாளர் ஜான் ஹல் பர்மிங்ஹாமிலிருந்து இயேசுவுக்கே திறந்த மடல் எழுதியது இத்தகைய உருவகங்கள் தந்த வலியால்தான். எனினும் அவை வாசிக்கப்படட்டும் என்பேன். வாசிக்கப்படாத வசனத்தோடு எவ்வாறு வாதிடுவது?

அருள்பணியாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: அந்த ஞாயிறு மீண்டும் வரும்போது முழு வாசகத்தையே தேர்ந்தெடுங்கள். திருப்பலி சில நிமிடங்களே நீளும்.