உள்ளூர்ச் செய்தியும் எம்மவரும்

சென்ற மாதம் எமது சிற்றூரின் வாரப் பத்திரிகையில், ஐந்தாம் பக்கத்தின் அடியில், ஒரு செய்தி வெளியாகியிருந்தது. துறைமுகத்தின் மேற்குப் புறத்திலுள்ள சிறிய பாடசாலையை மூடிவிட்டு மாணவர்களைப் பேருந்தில் மத்திய பாடசாலைக்கு அனுப்புவது பற்றிக் கொம்யூன் சபை ஆலோசிக்கின்றது என்பதே அச்செய்தி. பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது, கட்டடத்தைச் சூடாக்கும் செலவு கூடிவிட்டது என்பன காரணங்களாகக் காட்டப்பட்டிருந்தன. இளையோர் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் பின்மார்க் மாகாணத்தில் இது புதுமையன்று. ஆனால் அப்பாடசாலையின் வகுப்பறைகளிலேதான் சனிக்கிழமைகளில் எமது பிள்ளைகளின் தமிழ் வகுப்பு வாடகையின்றி நடைபெற்று வருகின்றது. செய்தி வெளிவந்து பத்து நாள்கள் கழிந்த பின்னரும் எம்மவரில் அதனை அறிந்திருந்தோர் இரண்டு வீட்டார் மட்டுமே.

அதே பத்து நாள்களில் யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையில் வெள்ளம் நின்றது, எந்தக் கோயில் நிருவாகத்தில் யாருக்கும் யாருக்கும் பிணக்கு என்பவையெல்லாம் எமது கைத்தொலைபேசிகளில் வந்து குவிந்துவிட்டன. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. உறவுகள் அங்கே இருக்கும்வரை கண்ணும் காதும் அங்கேதான் இருக்கும். ஆயினும், பிள்ளை காலையில் புத்தகப்பையோடு நடந்து போகும் தெரு இங்கே இருக்கின்றது.

1980களில் நோர்வேயின் வடகோடி மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு எம்மவர் பலர் வேலைக்கு வந்து சேர்ந்தனர். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சூரியன் தலைகாட்டாத ஊர்களில், உள்ளூர் இளைஞர் வைத்துவிட்டுப் போன கத்தியை நாம் கையிலெடுத்தோம். இரண்டு வருடம் உழைத்துக் கடனை அடைத்துவிட்டு ஊர் திரும்பலாம் என்றிருந்தோம். பின்னர் ஒஸ்லோவுக்குப் போய்விடலாம் என்றிருந்தோம். போனவர்கள் பலர். எஞ்சியோருக்கோ பெட்டி கட்டிய மனநிலை இன்றுவரை மாறவில்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தபடியே, “நாங்கள் எப்படியும் போகப்போகிறவர்கள் தானே, எங்களுக்கேன் இந்தக் கதை?” என்று கேட்பவர்களை நாம் அறிவோம்.

எமது கிராமங்களில் சனசமூக நிலையங்கள் இருந்தன. வாங்கில் அமர்ந்து ஒருவர் ‘வீரகேசரி’யையோ ‘ஈழநாடு’வையோ உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டிருப்பர். வாசிப்பு முடிந்ததும் பேச்சு ஊர் மதகுக்கும் வீதி விளக்குக்கும் திரும்பும். மனு எழுதுவதற்கென்றே ஒரு பெரியவர் இருப்பார். அந்தப் பழக்கம் கடல் கடந்து வரவில்லை. ஊருக்குப் பணம் சேர்க்கச் சங்கங்கள் வந்தன; பதினைந்து குடும்பங்களுக்கு இரண்டு சங்கங்கள் என்ற கணக்கிலும் வந்தன. மனு எழுதும் பெரியவரை மட்டும் காணோம்.

இத்தனைக்கும் இந்நாட்டின் சட்டம் எமக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றது. குடியுரிமை பெறாதவர்களும், வாக்களிப்பு நாளுக்கு முன் மூன்று வருடங்கள் தொடர்ச்சியாக இங்கு பதிவு பெற்று வசித்திருந்தால், உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 1983ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள உரிமை இது. பாராளுமன்றத் தேர்தலுக்குத்தான் குடியுரிமை வேண்டும். 2023இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2027இல் வரும். வாக்குச்சீட்டில் கட்சியைத் தெரிந்ததோடு நில்லாது, விரும்பிய வேட்பாளருக்கு விசேட புள்ளியும் இடலாம். சிறிய ஊரில் முப்பது, நாற்பது புள்ளிகள் ஒருவரைச் சபைக்குள் அனுப்பப் போதுமானவையாகிவிடுவதுண்டு.

தேர்தல்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2018ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி, ஊரின் குடியிருப்பாளரில் நூற்றுக்கு இரண்டு பேர் கையொப்பமிட்டு ஒரு கோரிக்கையை முன்வைத்தால், சபை அதனை எடுத்து ஆராய்ந்தே ஆகவேண்டும். பெரிய நகரமாயின் 300 கையொப்பங்கள் போதும். இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் நூற்றுக்கு இரண்டு என்பது நாற்பது பேர். எமது பதினைந்து குடும்பங்களின் தலைகளை எண்ணிப் பாருங்கள். பிறந்தநாள் விழாவொன்றுக்கு இதைவிடக் கூடுதலானோர் வருகின்றோம்.

உள்ளூர்ப் பத்திரிகையையும் சற்றுச் சொல்லவேண்டும். கலைவிழாவில் சேலை உடுத்து வடை பரிமாறும் படம் என்றால் எம்மவருக்கு அரைப்பக்கம் கிடைக்கும். பாடசாலை பற்றியோ வைத்தியசேவை பற்றியோ எம்மிடம் எவரும் கேட்பதில்லை. பெயரைப் பிழையாகப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பத்திரிகையின் வாசகர் பக்கத்துக்கு எம்மவர் எவரும் எழுதியதை இந்தப் பல வருடங்களில் நாம் கண்டதில்லை. எழுதாதவனிடம் ஏன் கேட்கவில்லை என்று பத்திரிகையாளரை எவ்வளவு தூரம் நோவது?

மொழி தடை என்பர். இலக்கணப் பிழைக்காக எந்தச் சபையும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவதில்லை; வீட்டிலே பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை திருத்தித் தரும். வேலைக் களைப்பு என்பர். அது உண்மை. குளிர் அறையில் எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு மாலையில் சபைக் கூட்டத்துக்குப் போய் அமர்வது இலேசான காரியமன்று. எல்லோரும் போகவேண்டியதில்லை. கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. மாதம் ஒருவர் முறைவைத்துப் போய்க் கேட்டு வந்து, சனிக்கிழமை பெற்றோருக்குச் சொன்னாலே போதும்.

பாடசாலை மூடப்படுவதைத் தடுத்துவிடலாம் என்று நாம் உறுதி கூறவரவில்லை. சபையிடம் பணம் இல்லை என்பது பொய்யுமன்று. ஆனால் மூடுவதாயின் சனிக்கிழமை வகுப்புக்கு மத்திய பாடசாலையில் இடம் தரப்படுமா, வாடகை கேட்கப்படுமா, இருட்டுக் காலத்தில் பேருந்துத் தரிப்பிடத்துக்கு விளக்குப் போடப்படுமா என்னும் கேள்விகளை நோர்வேஜியப் பெற்றோர் எமக்காகக் கேட்கமாட்டார்கள். கருத்துத் தெரிவிப்பதற்கான தவணை முடிய இன்னும் மூன்று கிழமைகள் உள்ளன. தமிழ் வகுப்பு ஆசிரியை கடிதத்தின் நகலை எழுதி முடித்துள்ளார். வரும் சனிக்கிழமை வகுப்பு முடியும் வேளையில் அது வாசல் மேசையில், பேனாவோடு வைக்கப்பட்டிருக்கும்.