ரவுட்டரும் தோட்டத்துத் தபாலும்

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த நாளில், ஊரிலிருந்து வந்த கடிதம் பெரும்பாலும் தோட்டத்தின் விலாசத்தையே தாங்கி ஆபீசுக்கு வந்து, கிராணி பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுத்த பிறகே லயத்து வீட்டை அடைந்தது. இன்று வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் ரவுட்டர் செய்வதும் அந்தக் கிராணி உத்தியோகமே. வீட்டிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் வெளியுலகம் அறிந்த விலாசம் ஒன்றுதான். உள்ளிருந்து யார் எதைக் கேட்டார் என்று குறித்து வைத்து, வரும் பதிலை அவரிடமே அது சேர்ப்பிக்கிறது. வாட்ஸ்அப் செய்திக்கு இந்த ஏற்பாடு போதும். கைப்பேசியே முந்திக்கொண்டு சர்வரோடு தொடர்பு வைத்திருக்கிறது.

ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போன பின்பு, கோயில் திருவிழாவின் படங்களையும், பால்மரம் வெட்டிய தாய்மாரின் கறுப்பு வெள்ளைப் படங்களையும் சுருக்காமல், நுணுக்கம் கெடாமல் பகிர்ந்துகொள்ள விரும்பும் ஈப்போவின் புந்தோங் வட்டார இளைஞன், அவற்றைத் தன் வீட்டுக் கணினியிலேயே வைத்து உறவினரை அழைக்கிறான். எவரும் கேளாமல் வரும் கடிதத்தை யாரிடம் கொடுப்பதென்று கிராணிக்குத் தெரியாதாகையால், இன்ன போர்ட் எண்ணுக்கு வருவது இன்ன கணினிக்கு என்று ரவுட்டரில் எழுதி வைக்க வேண்டும். கணினிக்கு மாறாத உள்விலாசம் ஒன்றைக் கொடுத்து, தரவு செல்லும் முறை டிசிபியா யுடிபியா என்று பார்த்து, 65,535 எண்களில் அவசியமான ஒன்றை மட்டும் திறந்தால் போதும். பொறுமையற்றவர்கள் டிஎம்இசட் என்ற ஒரே சொடுக்கில் அனைத்தையும் திறந்துவிடுகிறார்கள். அது பெரும் அபாயம். 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கருவிகளையே தேடித் தேடிக் கைப்பற்றியது. 2017 மே மாதம் வானாகிரை என்னும் தீநிரல் பரவியதும் கோப்புப் பகிர்வுக்குரிய 445ஆம் போர்ட் வழியாகத்தான். ஆகவே ரவுட்டரின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுவதும், கோப்புகளுக்குத் தனிக் கடவுச்சொல் வைப்பதும், 445ஐ ஒருபோதும் வெளியே காட்டாதிருப்பதும் அத்தியாவசியம்.

இத்தனையும் சிரத்தையோடு செய்தும் பலன் காணாத வீடுகள் உண்டு. பழைய முறை இணைய விலாசங்களின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டபடியால், இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே விலாசத்தின் பின்னால் நிறுத்துகின்றன. ரவுட்டரின் நிலைப்பக்கத்தில் தெரியும் வெளிவிலாசம் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நமக்கு மேலே இன்னொரு கிராணி உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். அவரிடம் எழுதி வைக்கும் அதிகாரம் நமக்கில்லை. 1995ஆம் ஆண்டிலேயே வரையறை கண்ட ஐபிவி6 என்னும் புதிய விலாச முறையிலோ ஒவ்வொரு கருவிக்கும் தனி விலாசம் கிடைக்கும். சந்தா கட்டும் குடும்பம் தன் படங்களைத் தன் வீட்டிலிருந்தே பகிர்ந்துகொள்வது சலுகையன்று, உரிமை என்பதே என் அபிப்பிராயம். விலாசம் தனியா, பொதுவா என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதவும், கேட்பவருக்கு மேல்கட்டணமின்றித் தனி விலாசம் தரவும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும்.