படம் நம்முடையது, திறப்பு யாரிடம்?

ஆடி, ஆவணி வந்தால் சிலாபத்துப் பக்கம் கமரா தொங்காத தோள் குறைவு. முன்னேஸ்வரத்தில் திருவிழா, உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, வடக்கே கற்பிட்டிப் பக்கம் தலவில அன்னம்மாள் திருநாள். திருவிழா முடிந்த அடுத்த நாளே ஒரு கேள்வி வரும்: "மச்சான், ரோ பைல் எதுல ஓப்பன் பண்றது?" பதிலும் தயாராக இருக்கும்: "லைட்ரூம் க்ராக் இருக்கு, பென் ட்ரைவ கொண்டு வா."

இந்தப் பதிலோடுதான் எங்களுக்குப் பிரச்சினை. "திருட்டு மென்பொருள் பாவம்" என்று பிரசங்கம் வைக்க வரவில்லை. எந்த மென்பொருள் என்ற கேள்வியை நாங்கள் வசதி, ஸ்டைல், யூடியூப்பில் யார் என்ன பாவிக்கிறார் என்பதை வைத்தே முடிவு செய்கிறோம். எங்களைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது வேறு: இருபது வருஷம் கழித்து இந்தப் படத்தைத் திறக்கிற திறப்பு யாருடைய கையில் இருக்கும்?

முதலில் ரோ என்றால் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கமரா சென்சரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். நாலு புள்ளியில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கொடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அடுக்கு இது. இன்றைக்கும் பெரும்பாலான கமராக்களில் இதுதான். அப்படியென்றால் ரோ பைலில் இருப்பது இன்னும் முழுப் படமே இல்லை, வெறும் அளவுகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மிச்ச இரண்டு நிறத்தையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணித்து, வெள்ளைச் சமநிலை போட்டு, வெளிச்சத்தை நம்முடைய கண்ணுக்கு ஏற்ற மாதிரி வளைத்துத் தருவதுதான் மாற்றும் மென்பொருளின் வேலை.

ஜேபெக் எடுத்தால் இந்த வேலையைக் கமராவே செய்து முடித்து, மிச்சத்தைக் கழித்துவிடும். 14 பிட் ரோவில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். ஜேபெக்கில் 256. எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், பச்சை மீனைக் கருவாடு போடலாம், கருவாட்டைத் திரும்பப் பச்சை மீனாக்க ஏலாது. தீக்குழிக் கனலைப் படமெடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கமரா தந்த ஜேபெக்கில் சிவப்பு நிரம்பி வழிந்து, கனல் எல்லாம் ஒரே செம்மஞ்சள் திட்டாகக் கிடக்கும். ரோவில் கொஞ்சம் கவனமாக வேலை செய்தால் தனித்தனிக் கனல்துண்டுகள் பல நேரம் மீண்டு வரும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே ரோ பைலை மூன்று மென்பொருளில் திறந்தால் மூன்று நிறத்தில் வரும். ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கணிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நிறக்கணக்கு இருக்கிறது. நாள் முழுக்கக் கரைவலை இழுத்து வெயிலில் கறுத்த ஒரு முகம் எந்தக் கறுப்பில் தெரிய வேண்டும் என்ற முதல் முடிவை எங்கோ இருக்கிற ஒரு பொறியியலாளர் ஏற்கனவே எடுத்து வைத்திருக்கிறார். அதற்கு மேலே நாங்கள் காசு கொடுத்தோ கொடுக்காமலோ ஒரு 'ப்ரீசெட்'டைப் போட்டு, கடலை நீலப்பச்சையாகவும் மனுஷரைச் செம்மஞ்சளாகவும் ஆக்கிவிடுகிறோம். கல்யாண அல்பங்களில் மணப்பெண்ணை வெளுக்கிற பழக்கம் பற்றிப் பேசப் போனால் அது இன்னொரு கட்டுரை.

சரி, திறப்புக்கு வருவோம். ரோ பைலின் உள்கட்டமைப்பைக் கமரா கம்பனிகள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. கெனனுக்கு ஒன்று, நிக்கொனுக்கு ஒன்று, சொனிக்கு ஒன்று. 2005இல் ஒரு சம்பவம் நடந்தது. நிக்கொன் தன்னுடைய டி2எக்ஸ் கமராவின் ரோ பைலில் வெள்ளைச் சமநிலைத் தகவலை மறைகுறியாக்கி வைத்திருந்தது. படம் எடுத்தது நீங்கள், ஆனால் அதன் நிறத் தகவலைப் படிக்க கம்பனியின் தயவு வேண்டும். போட்டோஷொப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தோமஸ் நோல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தப் பூட்டை உடைத்தவர் டேவ் கொஃபின் என்ற தனி மனிதர். 1997இல் இருந்து 'டிசிரோ' என்ற சின்ன நிரலை எழுதி, கமராவுக்குக் கமரா ரோ பைலைப் பிரித்துப் படித்து, மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்தவர். இன்று பல மென்பொருள்களுக்குள்ளே இருக்கிற 'லிப்ரோ' அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

இரண்டாவது சம்பவம் அப்பிளுடையது. 2005இல் 'அப்பர்ச்சர்' என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நல்ல மென்பொருள், காசு கொடுத்து வாங்கியவர்கள் வருஷக்கணக்காக அதிலேயே வேலை செய்தார்கள். 2014இல் இனி அதை வளர்க்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். 2019இல் வந்த கெட்டலினா இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. மூலப் படங்கள் தப்பின. ஆனால் ஒவ்வொரு படத்திலும் உட்கார்ந்து செய்த திருத்தங்களை அப்படியே இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. க்ராக் போட்டவருக்கு மட்டும் வருகிற சிக்கல் இல்லை இது. ஒழுங்காக வாங்கியவருக்கும் வரும்.

அடுத்தது லைட்ரூம். 2007இல் இருந்து அது ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாகவும் கிடைத்தது. அப்படிக் கிடைத்த கடைசிப் பதிப்பு 2015இல் வந்த லைட்ரூம் 6. 2017 முடிவோடு அதற்கான புதுப்பிப்புகளை நிறுத்தி, இனிமேல் சந்தாதான் என்றாக்கினார்கள். போட்டோக்காரர்களுக்கான சந்தா நெடுநாள் மாதம் 9.99 டொலராக இருந்தது. அமெரிக்காவில் இருப்பவருக்கு இரண்டு கோப்பிக் காசு. எங்களுக்கு? 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய், அதே வருஷம் மே மாதம் சுமார் 360. கம்பனி விலையை ஒரு சதமும் கூட்டாமலே 2,000 ரூபாய்ச் சந்தா 3,600 ஆகியது. கரண்ட் இல்லாமல் கம்பியூட்டரையே போட முடியாத அந்த மாதங்களில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாமார் எதைக் கட்டுவது எதை விடுவது என்று கணக்குப் பார்த்தார்கள். பிறகு 2025 ஜனவரியில் அந்த மலிவுச் சந்தாவைப் புதியவர்களுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். போட்டோக்காரர்களுக்கான அடுத்த திட்டம் அப்போது மாதம் 19.99 டொலராக இருந்தது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஏறக்குறைய 6,000.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சந்தா நின்றாலும் லைட்ரூம் கிளாசிக் உங்கள் படங்களைப் பூட்டி வைப்பதில்லை. திறந்து பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்துகிற பகுதி மூடிவிடும். ஆனால் அந்தத் திருத்துகிற பகுதிக்காகத்தானே வாங்கினோம்.

"அதுக்குத்தானே க்ராக்" என்பீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். பலர் கையில் சுற்றுவது அந்த லைட்ரூம் 6தான். அதற்குக் கடைசிப் புதுப்பிப்பு வந்தது 2017 டிசம்பரில். கெனன் தன்னுடைய புதிய சிஆர்3 ரோ பைலைக் கொண்டுவந்தது 2018இல், எம்50 கமராவோடு. எனவே அதற்குப் பிறகு வந்த கெனன் கமராக்களின் பைலை அந்தக் க்ராக்கில் போட்டால் திறக்காது. திறக்க வைக்க அடோபியின் இலவச டிஎன்ஜி மாற்றியைத் தேடிப் போக வேண்டும். க்ராக் போடும்போது "அன்டிவைரஸை ஓஃப் பண்ணு" என்று சொல்லித்தானே தருகிறார்கள்? ஊர்க்காரர் கல்யாணப் படமெல்லாம் இருக்கிற கம்பியூட்டரின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிற வேலை அது.

அப்போ எதைப் பாவிக்கிறது? எங்கள் அபிப்பிராயத்தை வரிசையாகச் சொல்கிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் கமரா கம்பனியே இலவசமாகத் தருவதைப் பாருங்கள். கெனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபெஷனல், நிக்கொனுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சொனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டொப். கமராவின் திரையில் பார்த்த நிறம் அப்படியே வரும். குறை என்னவென்றால் மெதுவாக ஓடும், அந்தக் கம்பனியின் பைலை மட்டுமே திறக்கும். நாளைக்குக் கமராவை மாற்றினால் பழகியதெல்லாம் மறுபடி முதலில் இருந்து.

ரோவை உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு டார்க்டேபிள் அல்லது ரோதெரப்பி. இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூலநிரல். டார்க்டேபிள் 2009இல் தொடங்கியது. லினக்ஸ்காரர்களின் சொத்தாக இருந்தது, 2017 டிசம்பரில் விண்டோஸுக்கும் வந்தது. ரோதெரப்பியை ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் எழுதி, 2010இல் நிரலைத் திறந்துவிட்டார். நல்ல கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் டார்க்டேபிள் வேகமாக ஓடும். அது இல்லாத பழைய லெப்டொப் என்றால் ரோதெரப்பியை முதலில் போட்டுப் பாருங்கள். இரண்டுமே நீங்கள் செய்யும் திருத்தத்தைப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன எழுத்துப் பைலாக எழுதி வைக்கும். நோட்பேடில் திறந்து படிக்கலாம். மூலப் படத்தில் கை படாது.

கஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. டார்க்டேபிளைத் திறந்த முதல் நாள் தலை சுற்றும். ஒரே வேலைக்கு நாலு கருவி இருக்கும், நாலுக்கும் விளங்காத பேர் இருக்கும். லைட்ரூமில் இரண்டு நிமிஷத்தில் வருவது இதில் அரை மணி எடுக்கும். லைட்ரூமில் 2023இல் வந்த செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கி, இருட்டில் எடுத்த படங்களில் செய்கிற வேலையை இந்த இரண்டிலும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, அடுத்த கிழமை அல்பம் கொடுக்க வேண்டியவருக்கு நேரம்தான் காசு. அவர் வருமானத்தில் இருந்து சந்தா கட்டி லைட்ரூம் பாவித்தால் அதில் பிழை சொல்ல எதுவும் இல்லை, தொழில் கருவிக்குக் கட்டும் காசு அது. ஆனால் வருமானம் இல்லாத பொடியன்கள், பிள்ளைகள் அவருடைய கருவியைக் களவாக எடுத்து, அவருடைய நிறத்திலேயே படம் செய்து பழகுவதில் என்ன லாபம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கஷ்டப்பட்டுக் கற்கும்போது ஒவ்வொரு கருவியும் படத்துக்கு என்ன செய்கிறது என்றாவது தெரியவரும்.

கமராவே இல்லை, போன்தான் என்றால்? பல போன்களின் 'புரோ' முறையில் டிஎன்ஜி ரோ எடுக்கலாம். ஸ்னாப்சீட் அதை இலவசமாகத் திறக்கும். அதுவே நல்ல தொடக்கம்.

இவ்வளவு ஏன் வாதாடுகிறோம் என்று கேட்கலாம். இந்தக் கரையில் இருப்பதால்தான். நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம் வரை எத்தனையோ மீனவ ஊர்களில் பாட்டி பேசிய தமிழ் பேரனிடம் இல்லை. உடப்பில் இன்னும் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைத் தெரிந்த வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலோ வருஷா வருஷம் கரையைத் தின்கிறது. ஆனைவிழுந்தான் குளங்களுக்கு வருகிற பறவைகளைப் படமெடுக்க வெளியூரில் இருந்து பெரிய லென்ஸோடு வருகிறார்கள். வலை இழுக்கிற கைகளைப் பொறுமையாக எடுக்க நாங்கள்தான் இருக்கிறோம். பழைய ஸ்டூடியோக்கள் மூடியபோது நெகடிவ்கள் குப்பைக்குப் போயின. இன்று நாங்கள் எடுப்பதில் பெரும்பகுதி பேஸ்புக்கில் சுருங்கிய ஜேபெக்காக மட்டும் மிஞ்சுகிறது. 2005இல் இருந்து நூலகம் மாதிரியான முயற்சிகள் எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திக் காப்பாற்றுகின்றன. படத்துக்கு அந்தப் பொறுப்பை எடுத்தவரே முதலில் ஏற்க வேண்டும்.

ஆகவே எங்களுடைய கோரிக்கை இது. ரோவையும் ஜேபெக்கையும் சேர்த்தே எடுங்கள். ரோவை ஒருநாளும் அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டில், மற்றது வேறு வீட்டில். முடித்த படத்தை நல்ல தரத்தில் டிஃப் அல்லது ஜேபெக்காக வெளியே எடுத்தும் வையுங்கள், எந்த மென்பொருள் செத்தாலும் அது திறக்கும். பிறகு படத்தின் விபரப் பகுதியில் ஊர், திகதி, படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவருடைய பெயர், எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள். இன்றைய மென்பொருள்கள் தமிழை ஏற்கும்.

இந்தக் கிழமையே ஒரு பின்னேரம் ஒதுக்கி, கையில் இருக்கிற ஒரே ஒரு ரோ பைலை கமரா கம்பனியின் மென்பொருள், டார்க்டேபிள், ரோதெரப்பி மூன்றிலும் திறந்து பாருங்கள். கரையில் நீங்கள் கண்ணால் பார்த்த நிறத்துக்கு எது கிட்ட வருகிறது என்று நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் லைட்ரூம்தான் என்றால், சரி, காசைக் கட்டி வாங்குங்கள். வேறு ஒன்று என்றால் அதைப் பழகி, பக்கத்தில் இருக்கிறவருக்கும் தமிழில் சொல்லிக் கொடுங்கள். பென் ட்ரைவில் க்ராக் கைமாறிய வேகத்தில் இதுவும் கைமாறட்டும்.