அவசரம் இல்லாத ஆட்டம்!

வீடியோ விளையாட்டு என்றால் துப்பாக்கியும் சண்டையும்தானா? இல்லை! உழுது, விதைத்து, தண்ணீர் ஊற்றி மகிழும் விளையாட்டுகளும் உண்டு.

"ஸ்டார்டியூ வேலி" அப்படிப்பட்டது. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் 4 ஆண்டுகளுக்கு மேல் தனி ஆளாக உழைத்து, 2016-ல் அதை வெளியிட்டார். இப்போது கைபேசியிலும் ஆடலாம். அதில் ஒரு வகைக் கிழங்கு 4 நாளில் விளைந்துவிடும். அந்த 4 நாள், நம் கடிகாரத்தில் 1 மணி நேரம்கூட இல்லை!

போடிநாயக்கனூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். போடிமெட்டுக்கு மேலே ஏலச்செடி காய்க்க ஏறக்குறைய 3 ஆண்டு ஆகும். காத்திருந்தாலும் காய் கைக்கு வருவது நிச்சயம் இல்லை. 2024 கோடையில், இடுக்கி மலையில் ஏலச்செடிகள் வெயிலில் கருகின.

கடனும் வறட்சியும் இல்லாத தோட்டம் கைபேசியில்தான் உண்டு! அதில் மனம் இளைப்பாறுவதில் வியப்பு என்ன? பெற்றோரே, சிறிது நேரம் ஆடும் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

பிள்ளைகளே! காலையில் ஜீப்பில் மலை ஏறி, பகலெல்லாம் காய் எடுத்துத் திரும்பும் அம்மாவுக்கு இளைப்பாறல் வேண்டாமா? அடுப்படி வேலையில் பாதியை நீங்கள் செய்யுங்கள். பிறகு அம்மாவோடு உட்கார்ந்து ஆடுங்கள். கைபேசியானாலும் சரி, பல்லாங்குழியானாலும் சரி!

ஓய்வு, வீட்டில் எல்லோருக்கும் சொந்தம்!