பேய்க்கும் பத்திரம் உண்டு

1977-இல் அமெரிக்காவின் மார்வெல் கம்பெனி ஒரு காமிக்ஸ் புத்தகம் போட்டது. 'கிஸ்' என்கிற ராக் இசைக்குழுவின் நாலு பேர்தான் அதில் கதாநாயகர்கள். மேடையில் முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு, தீயைத் துப்பி, வாயில் ரத்தம் ஒழுக நின்று பாடியவர்கள். காமிக்ஸில் அவர்கள் நிஜமாகவே அமானுஷ்ய சக்தி பெற்றுவிடுகிறார்கள். மந்திரப் பெட்டி ஒன்று கைக்குக் கிடைக்கிறது. நியூயார்க் பையன்கள் நாலு பேரும் பேய், நட்சத்திரக் குழந்தை, விண்வெளி மனிதன், பூனை மனிதன் என்று மாறி, டாக்டர் டூம் என்கிற வில்லனோடு மோதுகிறார்கள்.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கதையைப் பேசுவதில்லை. ரத்தத்தைத்தான் பேசுவாங்க. நாலு பேரும் ஊசி குத்தி ரத்தம் கொடுத்தாங்க. பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் டிப்யூ என்கிற ஊரில் இருந்த மை ஆலையில், சிவப்பு மையோடு அதை ஊத்திக் கலந்தாங்க. போட்டோ எடுத்தாங்க. நோட்டரியை வச்சு சான்றிதழும் வாங்கினாங்க. சாதாரண காமிக்ஸ் முப்பது, முப்பத்தஞ்சு சென்ட்டுக்கு விற்ற காலத்தில் இது ஒன்றரை டாலர்.

நான் கேக்கிறது ஒன்னுதான். ரத்தத்துக்கு நோட்டரி எதுக்கு? பக்திக்கு நோட்டரி வேண்டாம். நட்புக்கு வேண்டாம். சொத்துக்குத்தான் வேணும்.

பண்பாட்டு அரசியல் பேசுகிற நண்பர்கள் சிலர் இதை வேறு மாதிரி வாசிக்கிறார்கள். சூப்பர்மேன் சட்டம் ஒழுங்கைக் காப்பாத்துற கடவுள். இங்கே பேயும் மிருகமும் கதாநாயகர்கள் ஆகிவிட்டார்கள், விளிம்பு மையத்துக்கு வந்துவிட்டது, இது ஒரு கலகப் பிரதி என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பிரதியை மட்டும் வாசித்தால் போதுமா? அதை அச்சடித்தவன், எழுதினவன், வரைஞ்சவன், அதை வித்துத் தின்னவன் எல்லாரையும் சேர்த்து வாசிக்க வேண்டாமா? அப்படி வாசித்தால் இந்தப் பேய்களின் சக்தி எங்கே இருக்கிறது என்று தெரியும். அது டிரேட்மார்க் ஆபீசில் இருக்கிறது.

முகங்களின் கதையைப் பாருங்கள். 1980-இல் பூனை முகக்காரர் பீட்டர் கிரிஸ் குழுவை விட்டுப் போனார். புதுசா வந்த எரிக் காருக்குப் பூனை முகம் கொடுக்கவில்லை. நரி முகம் கொடுத்தாங்க. 1982-இல் விண்வெளி முகக்காரர் ஏஸ் ஃப்ரேலி போனார். அடுத்து வந்த வின்னி வின்சென்ட் நெற்றியில் எகிப்தியச் சின்னம் ஏறியது. அதாவது, அப்போது முகம் மனுசனோடு ஒட்டியிருந்தது. ஆள் போனால் முகமும் போகும். 1983-இல் எல்லோருமே வேசத்தைக் கலைத்தார்கள். 1996-இல் பழைய நாலு பேரும் பழைய முகத்தோடு மறுபடி சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் விசயம் மாறுது. 2002-இல் ஃப்ரேலி மறுபடி போனார். 2004-இல் கிரிஸ் போனார். இந்த முறை புது முகம் கிடையாது. டாமி தேயர் விண்வெளி மனிதன் ஆனார். எரிக் சிங்கர் பூனை ஆனார். அதே கோடு, அதே வெள்ளி. உள்ளே இருக்கிற ஆள் மட்டும் வேறு. பேயாக நின்ற ஜீன் சிம்மன்ஸும் நட்சத்திரக் குழந்தையான பால் ஸ்டான்லியும்தான் கடைசிவரை நடத்தினவர்கள். காமிக்ஸில் சொன்ன மாதிரியே ஆவி சாகவில்லை. மனுசனைத்தான் கழட்டி வீசினாங்க.

மேடையில் நின்னவனுக்கே இந்தக் கதி. எழுதினவனுக்கு?

அந்த 1977 புத்தகத்தை எழுதியவர் ஸ்டீவ் கெர்பர். அவர் ரத்தம் எந்த மையிலும் கலக்கப்படவில்லை. ஆனால் கதை அவருடையது. 'ஹோவர்ட்' என்கிற வாத்தையும் 1973-இல் ஓவியர் வால் மேயரிக்கோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர்தான். கிஸ் குழு மார்வெலில் முதலில் தலைகாட்டியதே அந்த வாத்துக் கதையில்தான். 1978-இல் மார்வெல் அவரை வாத்திடமிருந்து பிரித்தது. அதே ஆண்டு புதுப் பதிப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும், நீ எழுதுறது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்கிற தாளை எழுத்தாளர், ஓவியர் முன்னால் நீட்டினார்கள். 1980-இல் கெர்பர் வழக்குப் போட்டார். வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட 1982-இல் 'டிஸ்ட்ராயர் டக்' என்று ஒரு காமிக்ஸ் வந்தது. அதற்குக் காசு வாங்காமல் படம் வரைந்தவர் ஜாக் கிர்பி. கிஸ் புத்தகத்தின் வில்லன் டாக்டர் டூமை 1962-இல் ஸ்டான் லீயோடு சேர்ந்து படைத்த அதே கிர்பி. தான் வரைந்த பக்கங்களைத் திருப்பி வாங்கவே 1980-களில் மார்வெலோடு மல்லுக்கட்ட வேண்டி வந்தவர். ஒரு ஏமாந்த தொழிலாளிக்கு இன்னொரு ஏமாந்த தொழிலாளி கை கொடுத்தார். இதைத்தான் நான் கலகம் என்பேன். வழக்கு சமரசத்தில் முடிந்தது. வாத்து கம்பெனியிடமே இருந்தது. கெர்பர் 2008-இல் இறந்தார்.

சரி, படைத்தவனே முதலாளி ஆனால் தீர்ந்துவிடுமா? அதையும் பார்த்தாச்சு. 1992-இல் மார்வெலின் பேர்பெற்ற ஓவியர்கள் உரிமைப் பிரச்சினையில் வெளியேறி 'இமேஜ்' தொடங்கினார்கள். அதில் ஒருவர் டாட் மெக்ஃபார்லேன். அவருடைய நிறுவனம்தான் 1997 முதல் 2000 வரை 'சைக்கோ சர்க்கஸ்' என்கிற கிஸ் தொடரை 31 இதழ்கள் கொண்டுவந்தது. பிரையன் ஹோல்குவின் எழுதினார், ஏஞ்சல் மெடினா வரைந்தார். இதில் நாலு பேரும் மனுசப் பிறப்பே இல்லாத ஆதி சக்திகள். அந்த மெக்ஃபார்லேன் மேலேயே நீல் கெய்மன் வழக்குப் போட்டார். 'ஸ்பான்' காமிக்ஸுக்குத் தான் எழுதிக் கொடுத்த பாத்திரங்களில் தனக்கும் பங்கு உண்டு என்றார். 2002-இல் ஜூரி கெய்மன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நேற்று முதலாளியைத் திட்டினவன் இன்று அதே நாற்காலியில். ஆள் மாறியது, நாற்காலி மாறவில்லை.

பிறகு டார்க் ஹார்ஸ், டைனமைட் என்று பதிப்பகம் மாறிக்கொண்டே போனது. முகங்கள் மாறவில்லை. 2023 டிசம்பர் 2-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கடைசிக் கச்சேரி. மனுசர்கள் இறங்கிய கையோடு திரையில் கம்ப்யூட்டர் உருவங்கள் பாட ஆரம்பித்தன. 2024-இல் பாட்டு, பேர், முகம் எல்லாவற்றையும் ஸ்வீடனின் பாப்ஹவுஸ் நிறுவனம் வாங்கியது. 30 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி. 2025 அக்டோபரில் ஏஸ் ஃப்ரேலி இறந்தார். விண்வெளி மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் ஸ்வீடனில் சௌக்கியம்.

கூலி வாங்கினாங்க, கையெழுத்துப் போட்டாங்க, அப்புறம் என்ன புலம்பல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாடகை கட்ட வழியில்லாதவன் முன்னால் தாளை நீட்டி வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல என்னால் முடியாது. அது பசியின் கையெழுத்து. நாலு சொட்டு ரத்தத்துக்கு நோட்டரி வைத்த ஊரில், கெர்பர் மேசையில் கழித்த ராத்திரிகளுக்குச் சான்று சொல்ல ஒரு நோட்டரி இல்லை. மை ஆலையில் அந்தத் தொட்டியைக் கிண்டின தொழிலாளி பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள். உங்க வாழ்க்கையைத்தான் எழுதிக் கொடுக்கிறீங்க. அச்சில் பேர் வருகிற சந்தோசத்தில் நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீங்க. முழுசாப் படிங்க. புரியலைன்னா படித்தவர்களிடம் கேளுங்க. எழுத்து யாருக்குச் சொந்தம், எத்தனை வருசத்துக்கு, மறுபதிப்புக்கு என்ன, சினிமாவுக்கு என்ன என்று வாய்விட்டுக் கேளுங்க. கேட்கக் கூச்சப்பட வேண்டியது நாமில்லை.