சிரங்கு சிறு நோயல்ல

சிரங்கு என்றதும் நம்மவரில் அநேகர் நகைக்கிறார்கள். தம் வீட்டிலே அது வந்துவிட்டாலோ மறைக்கிறார்கள். இவ்விரண்டுமே அந்நோய்க்குப் பேருதவி புரிகின்றன. "சொறி சிரங்குக்கும் டாக்டரா?" என்று கேட்போருக்கு, ஆம், டாக்டர்தான் என்று நாம் தயக்கமின்றி விடையளிப்போம்.

இரவில் அரிப்பு மிகுந்து தூக்கத்தைக் கெடுக்கும் தொற்றுச் சிரங்கையே இங்கு குறிப்பிடுகிறோம். அது உஷ்ணத்தால் வருவதன்று. குளியாதவனுக்கு மட்டும் வருவதுமன்று. அரை மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத ஓர் உண்ணியே அதற்குக் காரணம். 1687-ம் வருஷத்திலேயே பொனோமோ, செஸ்டோனி என்ற இத்தாலியர் இருவர் அதைப் பூதக்கண்ணாடியால் கண்டு எழுதினர். பெண் உண்ணி தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். உடலோடு உடல் நெருங்கியிருப்பதாலேயே அது பெரும்பாலும் பரவுகிறது. 1941-ல் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் மெல்லன்பி என்பவர் சோதனைகளைத் தொடங்கினார். நோயாளிகளின் போர்வையை உபயோகித்த தொண்டர்களில் மிகச் சிலருக்கே நோய் தொற்றிற்று. ஆகவே இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

முதன்முறை தொற்றியவனுக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை அரிப்பே தோன்றாதிருக்கலாம். அதற்குள் அவன் பிறருக்கு நோயைக் கொடுத்துவிடுகிறான். சொறிகிறவனுக்கு மட்டும் மருந்து தடவி, பக்கத்தில் படுப்பவனை விட்டுவிட்டால் என்ன பயன்? அடுத்த மாதம் நோய் திரும்பி வரும். மருந்தின்மீது பழி விழும்.

அரிப்போடு தீமை நிற்பதுமில்லை. சொறிந்த புண்களின் வழியே வேறு கிருமிகள் புகுந்து சீழ் பிடிக்கிறது. சில குழந்தைகளுக்கு அதனால் சிறுநீரகமே பழுதுபடுகிறது. நகைப்புக்குரிய நோயா இது?

கடைக்காரரிடம் கேட்டு ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசும் வழக்கம் மிகவும் கெடுதலானது. அக்களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு தணியும்; நோயின் அடையாளங்கள் மறையும்; உண்ணி மட்டும் சுகமாய்ப் பெருகும். சரியான மருந்துகள் இல்லாமலில்லை. பெர்மெத்ரின் களிம்பை மேனி முழுதும் பூசி, ஓர் இரவு வைத்திருந்து கழுவி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறுபடியும் பூச வேண்டும். ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. எனினும் கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் அதைச் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. உண்ணி செத்த பின்னும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கலாம். அதைக் கண்டு மருந்தை மேலும் மேலும் பூசித் தோலைப் புண்ணாக்குவோரும் உளர். யாருக்கு எம்மருந்து, எவ்வளவு, எத்தனை முறை என்பதை வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும்.

2017-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் ஜாபிதாவில் சேர்த்தது. எந்தச் சமயத்திலும் உலகில் சுமார் 20 கோடிப் பேர் இதனால் வருந்துவதாக அது மதிப்பிடுகிறது. ஆனால் வழியும் கண்டாகிவிட்டது. பிஜித் தீவுகளில் ஒரு பகுதியார் அனைவருக்கும் ஒரே காலத்தில் ஐவர்மெக்டின் வழங்கியதில், ஓராண்டில் சிரங்கு நூற்றுக்கு 94 பங்கு குறைந்ததென்று 2015-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

நமது மாணவர் விடுதிகளில் பிள்ளைகள் நெருக்கமாகப் படுத்துறங்குகிறார்கள். ஒருவனுக்குச் சிரங்கு கண்டால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவது பரிகாரமாகாது. அறையிலுள்ள அனைவரையும் டாக்டரிடம் காட்டி, ஒரே நாளில் வைத்தியம் செய்விக்க வேண்டும். துணிகளையும் படுக்கைகளையும் அன்றே வெந்நீரில் துவைக்க வேண்டும். அதற்குப் போதிய மருந்தைச் சேமித்து வைத்திருப்பது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது பொதுஜன ஊழியர்களின் கடமை. மேடைப் பேச்சுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். இரவெல்லாம் உறங்காமல் சொறிந்து, காலையில் பாடசாலைக்குப் போகும் சிறுவனுக்கு இது சிறு விஷயமன்று.