ஒரு ரூபாய்க் கணக்கு

ஒரு திட்டத்தால் சனங்களுக்குப் பயன் உண்டா இல்லையா என்று அளக்க மேலே இருப்பவர்கள் 'இண்டிகேட்டர்' வைத்திருக்கிறார்கள். தமிழில் குறியீடு என்கிறார்கள். கவிதை எழுதுகிறவனுக்குக் குறியீடு என்றால் வேறு. வங்கிக் குமாஸ்தாவுக்கோ அது சாயங்காலத்துக்குள் நிரப்பியாக வேண்டிய ஒரு கட்டம்.

2014 ஆகஸ்ட் 28இல் ஜன்தன் திட்டம் தொடங்கியது. எத்தனை கணக்கு திறந்தாய் என்பதுதான் முதல் குறியீடு. 23 முதல் 29 வரை ஒரே வாரத்தில் 1,80,96,130 கணக்குகள், கின்னஸ் சாதனை. சேரியில் முகாம் போட்டு நானும் ஃபாரம் நிரப்பினேன். கணக்கு வந்தது, காசு வரல. அந்த செப்டம்பரில் 76 சதவீதக் கணக்குகள் காலி. உடனே அடுத்த உத்தரவு: ஜீரோ பேலன்சைக் குறை.

குறைக்க இரண்டு வழி. சேரிச் சனத்தின் கையில் மிச்சம் விழுகிற மாதிரி நிலமும் கூலியும் வர வேண்டும். இல்லையென்றால் கணக்குக்கு ஒரு ரூபாய் நாமே போட்டுவிட வேண்டும். 2016 செப்டம்பரில் பத்திரிகையில் அம்பலமானது: 1 கோடிக்கும் மேலான ஜன்தன் கணக்குகளில் ஒற்றை ரூபாய். அதற்குள் காலிக் கணக்குகள் 24 சதவீதமாக இறங்கியிருந்தன. இறக்கம் முழுக்க இந்தத் தில்லுமுல்லால்தான் என்று சொல்ல மாட்டேன். கேஸ் மானியமும் கணக்கில் விழுந்தது. ஆனால் எது எவ்வளவு என்று அந்தச் சதவீதம் சொல்லாது.

நானும் போட்டேன் தோழர்களே. எங்கள் கிளையில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துவைத்தோம், டீக்காசு மாதிரி. கொஞ்ச நாளில் பாஸ்புக் பதிய ஓர் ஆயா வந்தது.

"ஏந் தம்பி, யாரு இந்த ஒரு ரூபா போட்டது?"

"கவர்மெண்ட்டு ஆயா."

"போட்டதுதான் போட்டான், ஒரு நூறா போடக் கூடாதா?"

கவுண்டருக்குப் பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குறியீடு ஆயாவை அளக்கவில்லை, எங்கள் மேனேஜரை அளந்தது. ஜன்தன் புள்ளிவிவரத்தில் கிராமம், நகரம், பெண் என்று கட்டம் உண்டு. சாதிக்குக் கட்டம் கிடையாது. சாதிக்குக் கட்டம் போட்ட திட்டத்தின் லட்சணம் வேறு. 2016இல் வந்த ஸ்டேண்ட் அப் இந்தியா, கிளைக்கு ஒரு தலித் அல்லது பழங்குடிக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரச் சொன்னது. 'குறைந்தது ஒன்று' என்று எழுதினால், ஒன்றோடு டிக் அடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

இதனால் எண்ணே ஆகாது, எல்லாம் உலகவங்கிச் சொல்லாடல் என்று சில தோழர்கள் ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிப் புத்தகம் போட்டவர் அம்பேத்கர். 1979-80இல் வந்த சிறப்பு உட்கூறுத் திட்டத்தின் பணம் எங்கே என்று நாம் கேட்பதே, தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம் (2011 கணக்கு) என்கிற எண்ணை வைத்துத்தான். கட்டத்தை யார் போடுவது என்பதே சண்டை.

ஆகவே மாணவர்கள் நோட்டோடு சேரிக்குப் போக வேண்டும். கணக்கு இருக்கா என்று கேட்காதீர்கள், அது அவன் கேள்வி. போன வருசம் வீட்டில் ஒருத்தர் படுத்தப்போ பணம் எங்க வாங்கினீங்க, என்ன வட்டி? பேங்குல கடன் கேட்டா ஊர்க்காரன் ஜாமீன் கேக்குறானா? பாஸ்புக் உங்க கையில இருக்கா, வேற யார்கிட்டயாவது இருக்கா? உள்ளே போனா உக்காரச் சொல்றாங்களா? பதிலை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அடுத்த வருசம் அதே வீட்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்.